செங்கம் சாலைப் பிரிவு

சூடம் கொளுத்தலாம் என்று வினோதினி தலையாட்டியதுதான் வினையாகப் போயிற்று.

காட்டிலாகா வாசலில் நடையாய் நடந்து அவள் வாங்கியது ஒரே ஒரு வெள்ளோட்டத்துக்கான அனுமதி. கோயிலிலிருந்து ஜவ்வாது மலை உச்சி வரை, ஊர்க்காரர்களைக் குழுவாகக் கூட்டிக்கொண்டு அவள் திறக்கப் பார்த்த, நாள்கணக்கில் நடக்க வேண்டிய புதுப் பாதை. ஏரிக்கரை, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, ஆற்று மணல், முள்ளுக்காடு, அப்புறம் மூங்கில் மண்டிய மலை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் குழு மொத்தமும் காட்டு கேட்டைத் தொட வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் பாதைக்கு அனுமதி கிடையாது.

கோபுர வாசலில் சூடம் எரிந்தது. எல்லாரும் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று கிளம்பினார்கள். ரமணாசிரமம் தாண்டும்வரை வினோதினிக்குத் தரையில் கால் பாவவில்லை.

கிரிவலப் பாதை செங்கம் சாலையை விட்டுப் பிரியும் இடம் வந்தது. அவள் நேராகப் போனாள். குழு அண்ணாமலையைச் சுற்ற வலப்பக்கம் திரும்பிவிட்டது.

"காசியக்கா, இந்தப் பக்கம்!"

வேங்கிக்காலில் காய்கறிக்கடை வைத்திருக்கும் காசியம்மாள் நின்றாள். "அது எப்படிம்மா? கோபுர வாசல்ல சூடம் ஏத்திக் கிளம்பியாச்சு, அப்ப கிரிவலம்தான். பாதியில விட்டுட்டுப் போறதா?"

"நாம கிரிவலம் போகலக்கா. ஜவ்வாது மலைக்குப் போறோம்."

"போலாமே, யார் வேணாம்னா? சுத்தி முடிச்சிட்டுப் போலாம்."

சுத்தி முடிச்சிட்டாம்! முடித்தால் மறுபடி கோயில் வாசல்தான். மத்தியானம் ஆகிவிடும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. காட்டுக் காவலர் மணிவேலுக்கு போன் போட்டு நடந்ததைக் கொட்டினாள்.

"சூடம் ஏத்திட்டீங்களா?" என்றார் அவர்.

"ஏத்திட்டோம் சார்."

"அப்ப சுத்தித்தாங்க ஆகணும்."

"அப்ப காட்டு கேட்?"

"அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேங்க. ரூல் அப்படி. அடுத்த வருஷம் எழுதிப் போடுங்க."

"நீங்க எல்லாரும் சுத்துங்க. நான் தனியாவாவது போய் மணிவேல் சார் கால்ல விழறேன்," என்று குழுவிடம் வெடித்துவிட்டுச் செங்கம் சாலையில் விறுவிறுவென்று நடந்தாள் வினோதினி. கொஞ்ச தூரம்தான். கால் பின்னால் இழுத்தது. அண்ணாமலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பாதியில் விட்டு வந்தாகிவிட்டது என்ற நினைப்பு மேலே நகரவிடவில்லை. சனியன், இந்த ஊரில் பிறந்து தொலைத்தாயிற்றே.

திரும்பி வந்தாள். காசியம்மாள் அங்கேயே காத்திருந்தாள். "வாம்மா, சேர்ந்தே போலாம்."

வினோதினி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இத்தனை நேரம் அவர்கள் எல்லார் மேலும் இருந்த ஆத்திரம் இப்போது அவளுடைய கால்கள் மேல்தான் இருந்தது. அவை பாட்டுக்கு வலப்பக்கம் நடந்துகொண்டிருந்தன.