அம்மாவுக்கென்று ஒரு கீபோர்டு

காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றில் கோபாலசாமி டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். போர்டில் இருந்தது அவன் பெயர்தான். ஆனால் டைப் அடிப்பதெல்லாம் அவனுடைய அம்மா அம்புஜம். மில் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவர். மில்லை மூடியதும் மகனோடு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தமிழோ இங்கிலீஷோ, கீபோர்டைக் குனிந்து பார்க்காமல் அடிப்பார்.

தொண்ணூற்றாறு கோடையில் ஒரு டுட்டோரியல்காரர் தடிமனான கைடு புத்தகம் ஒன்றின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேண்டும் என்றார். கோபாலசாமி அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முடிச்சுத் தந்தர்றேனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

வேலை பாதி ஆவதற்குள் அம்புஜம் மணிக்கட்டில் தைலம் தேய்த்துத் துணி சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார். அவன் பார்க்காமல் இல்லை. "மெதுவா அடிங்கம்மா" என்பான். அதோடு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். பிறகுதான் பக்கங்களில் பிழை விழத் தொடங்கியது. ஒற்று விட்டுப்போனது, ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தது. டுட்டோரியல்காரர் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அம்மா சாப்பிடப் போகும் நேரத்தில் கோபாலசாமி அதையெல்லாம் தானே உட்கார்ந்து திருத்தினான். அப்போதுதான் அவனுக்கு நல்ல கீபோர்டு வாங்க வேண்டும் என்று தோன்றியது. வலியைப் பார்த்தபோது தோன்றாதது, பிழையைப் பார்த்ததும் தோன்றியது.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அமீர் ஹம்சாவின் கடைக்குப் போனான்.

"யாருக்குங்க?" என்றார் அமீர் ஹம்சா.

"அம்மாவுக்குங்க. பொறந்த நாளுக்குக் குடுக்கலாம்னு."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. அம்மா பிறந்தது தை மாதத்தில்.

"அட, பையன்னா இப்படித்தானுங்க இருக்கோணும்!" என்று அவர் மனதாரச் சொன்னார். "அப்ப அவங்களையே கூட்டிட்டு வாங்க. செருப்பு வாங்கற மாதிரிதானுங்க இதும். கைய வெச்சுப் பாக்காம எப்படி எடுக்கறது?"

மறுநாள் அம்புஜம் விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் வந்தார். "எனக்குன்னு எதுக்கு சாமி இதெல்லாம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

அமீர் ஹம்சா ஒரு வெளிநாட்டுக் கீபோர்டை எடுத்து வைத்தார். நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஓட்டு வீட்டுக் கூரைபோல இரு பக்கமும் சரிந்திருந்தது. "நம்ம சாதாக் கீபோர்டுல அடியில ரப்பருங்க. அடிமட்டம் போற வரைக்கும் குத்தோணும். இதுல ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங்கு. பாதி அமுக்கினாலே டக்குனு சத்தம் வரும், எழுத்து உழுந்துரும். கையும் வளையாம நேரா இருக்கும். அடிச்சுப் பாருங்கம்மா."

அம்புஜம் அடித்தார். டக் டக்கென்று ஓசை எழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மில்லுல டைப்ரைட்டர்ல உக்காந்த மாதிரியே இருக்குதுங்க!"

"எங்கெங்கம்மா வலிக்குது உங்களுக்கு?" என்று மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து அமீர் ஹம்சா சாதாரணமாகத்தான் கேட்டார்.

அம்புஜம் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காத்தால எந்திரிச்சா இந்த வெரலெல்லாம் மரத்துக் கெடக்குதுங்க. டம்ளரு நழுவிப் போயிருது. ஜடை பின்ன வரமாட்டீங்குது. அதுதான் இப்பெல்லாம் கொண்டை போட்டுக்கறது."

வெயிலுக்காகக் கொண்டை போடுகிறார் என்றுதான் கோபாலசாமி நினைத்திருந்தான். நன்றாக இருக்கிறது என்றுகூட ஒருநாள் சொல்லியிருந்தான்.

"இது இருந்தாப் போதும் கண்ணு," என்றார் அம்புஜம் அவனிடம் திரும்பி, "அந்தப் புஸ்தகத்த வெரசா முடிச்சுப்போடலாம்."

அவன் நினைத்திருந்ததும் அதேதான். அதை அவர் வாயால் கேட்டபோது அவனால் அங்கே நிற்க முடியவில்லை. கீபோர்டைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பஸ் நிறுத்தத்து நிழலில் நின்றதும் சொல்லிவிட்டான்.

"அம்மா, புஸ்தகப் பக்கத்துல தப்புத் தப்பா வருதுன்னு டுட்டோரியல்காரரு திருப்பி அனுப்பிச்சாருங்க. அதுக்குத்தான் இத வாங்கோணும்னு கெளம்பினேன். உங்க கை வலிக்காக இல்லீங்க."

அம்புஜத்தின் முகம் சுருங்கியது. ஆனால் அவன் எதிர்பார்த்த காரணத்துக்காக அல்ல.

"தப்பா? நான் அடிச்சதுலயா?"

"ஆமாங்க. நானே திருத்திப்போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லாமயா?" அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "மில்லுல மேனேஜரு எம் பேப்பரப் படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போடுவாரு. கை போயிருச்சுன்னு எனக்கே சொல்லாம மறைச்சுப்போட்டயே."

காந்திபுரம் போகும் பஸ் வந்தது. அதை அவன் விட்டுவிட்டான். ஆட்டோ பிடித்து அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் கையை மடக்கிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு, சொல்லும்வரை டைப் அடிக்கவே கூடாது என்றார். அன்று மாலையே கோபாலசாமி டுட்டோரியலுக்குப் போய் நிலைமையைச் சொன்னான். டுட்டோரியல்காரர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

ஆனி, ஆடி முழுக்கப் புதுக் கீபோர்டில் கோபாலசாமிதான் இரண்டு விரலால் தடவித் தடவிப் பத்திரிகைகள் அடித்தான். அம்புஜம் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தார். ஒன்றைக்கூட விடவில்லை. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் கொஞ்சம் உரக்கவே படித்துக் காட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு திருத்தினான்.

ஆவணியில் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கலாம் என்றார். முதல் நாள் நடுவில் இருந்த இடைவெளியில் விரல் மாறி மாறி விழுந்து, "எவன்டா இத ரெண்டாப் பொளந்தது!" என்று அம்புஜம் திட்டினார். போகப் போகப் பழகிவிட்டது. டக் டக் சத்தம் கொஞ்சம் நீண்டாலே கோபாலசாமி எழுந்து வந்து மானிட்டரை அணைப்பான். "தள்ளு அக்கட்ட" என்று அவனை விலக்குவார் அவர்.

அந்தச் சமயத்தில் காலனிச் சங்கத்துக்காரர் ஒருவர் ஆண்டு மலர் அடிக்க வேண்டுமென்று வந்தார். பெரிய வேலை. "தாராளமாங்க" என்பது கோபாலசாமியின் உதடுவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்கம்மா."

அம்புஜம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எப்பத்துக்குள்ள வேணுமுங்க?"

"ஆயுத பூசைக்குள்ளீங்க."

"அதுக்குள்ள என்னால ஆகாதுங்க. தீபாவளிக்குன்னாத் தரலாம்."

வந்தவர் பக்கத்துச் சந்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கையில் வந்த வேலை போகிறதே என்று கோபாலசாமியின் மனம் ஒரு கணம் பதறியது. இத்தனைக்கும் பிறகு பதறுகிறதே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. அம்மா அதைக் கவனித்துவிடுவாரோ என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர் ஒரு காதுகுத்துப் பத்திரிகையை அடிக்கத் தொடங்கியிருந்தார்.