முரளிதரனின் குரலுக்கு வயதானது

மேட்டகள்ளி ஊர் முரளிதரன் செத்துப்போன பிறகும் அவருடைய குரலுக்கு மட்டும் வயதாகிக்கொண்டே வந்தது. ஃபேக்டரியில் வேலை பார்த்த மனிதர், கண் தெரியாத மனைவி சொர்ணலதாவுக்காக ஒரு சிடியில் பேசிப் பதிந்து வைத்திருந்தார்: “லதா, எந்திரிச்சாச்சா? காப்பி ஆறுது பாரு.” அவ்வளவுதான். ஒருமுறை பதிந்தால் அழிக்க முடியாத சிடி அது. ஆனாலும் முதல் வருடம் அந்தக் குரலில் இருமல் சேர்ந்தது. அடுத்த வருடம் ஒரு பல் விழுந்து பாதிப் பேச்சு காற்றாகப் போனது.

சொர்ணலதாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. யாரோ சிடியை மாற்றிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, ஜீவிதாதான்! அப்பா போன பிறகு மகன் பிரசாந்த் கட்டிக்கொண்டு வந்தவள், வாயைத் திறந்தால் பாதி கன்னடம், அவளை எப்படி நம்புவது? நடு ஓட்டைக்குப் பக்கத்தில் சொர்ணலதாவே வைத்த சின்னக் கீறல் விரலுக்குத் தட்டுப்பட்டது உண்மைதான். அதே மாதிரி இன்னொன்றில் கீறியிருப்பாள், கள்ளி. அப்படியானால் அசல் எங்கே? அவர் குரல் என்று அவளுக்கு உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். சிடியை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலையில் எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, பஞ்சுத்துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைப்பாள். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழுந்து பேச்சு நின்றுபோகும். பூட்டுக்குள் இருந்தும் குரலுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருமகளிடம் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, டிவி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த ஜீவிதா, மாமியார் முகம் கழுவப் போன நேரத்தில், துடைக்க எடுத்து மேஜைமேல் வைத்திருந்த சிடியின் பளபளக்கும் பக்கத்திலும் பொட்டு வைத்துவிட்டாள். திரும்பி வந்து சிடியைத் தொட்ட சொர்ணலதாவின் விரலில் ஈரச் சந்தனம் ஒட்டியது.

“கொன்னுட்டியேடி!”

“அய்யோ தேவ்ரே! அதுவும் மெஷினுதானேன்னு வெச்சேன் அத்தே!”

சொர்ணலதா நேர்நேராகத் துடைத்து ப்ளேயரில் போட்டாள். சிடி கரகரவென்று சுற்றியது. பிறகு முரளிதரன் தும்மினார். “லதா,” என்றார் கிழக்குரலில், “இப்பத் தொட்டது யாரு கை? புதுசா இருக்கு.”

ஜீவிதா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இவள் இதுவரை சிடியைத் தொட்டதே இல்லையா என்று சொர்ணலதாவுக்கு வெட்கமாக இருந்தது. இடுப்புச் சாவியை எடுத்து, மருமகளின் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தாள்.

“நம்ம பிரசாந்த் பொண்டாட்டிங்க. நல்ல பொண்ணு. நான்தான்...”

“சரி சரி, காப்பி ஆறுது” என்றார் அவர்.

அன்றிலிருந்து சிடியைத் துடைப்பது ஜீவிதாதான். பனிக்காலத்தில் ப்ளேயருக்குப் பக்கத்தில் அவர் இருமலுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கிறார்கள். சாயங்காலம் பார்த்தால் அரை டம்ளர் குறைந்திருக்கும்.