வெள்ளத்தில் ஒரு கல்யாணம்

மகளின் கல்யாணத்தன்று காலை மெரெரிட் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபோது கீழ்வயலைக் காணவில்லை. மலையில் கொட்டிய மழையை எல்லாம் ஆறு வாரிக்கொண்டு வந்து, அவள் பண்ணைக்கும் ஊருக்கும் நடுவே பரப்பியிருந்தது. அக்கரை மேட்டில் பான்ட் ஹெலிக் ஊர் எப்போதும்போல இருந்தது. கருங்கல் வீடுகள், மழையில் மின்னும் சிலேட்டுக் கூரைகள், நடுவே ஆலயம். பழைய கல்பாலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாலத்துக்குப் போகிற பாதைதான் தண்ணீருக்குள் போய்விட்டது.

"அம்மா, கெதின் மாமாகிட்ட கேட்போமா? அவரு டிராக்டர் உயரமானது" என்றாள் மகள் டெஸ்னி.

"அவன்கிட்டயா? நீந்திப் போனாலும் போவேன், அவன் வாசல்ல போய் நிக்க மாட்டேன்."

புருஷன் போன பிறகு பண்ணையை ஒற்றை ஆளாக நடத்துகிறவள் அவள். பக்கத்துப் பண்ணைக் கெதினோடு அவளுக்குப் பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவனுடைய கிடா சுவர் தாண்டி வந்து, அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த சுத்த ஜாதி ஆடுகளிடம் தன் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போனது. பிறந்த குட்டிகள் எல்லாம் கறுத்த மூஞ்சியோடு அந்தக் கிடாவையே உரித்து வைத்தாற்போல் இருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டியவன், "காசில்லாம நல்ல கிடா கிடைச்சிருக்கு, சந்தோஷப்பட வேண்டியதுதானே" என்று மதுக்கடையில் சொல்லிச் சிரித்தானாம். ஊர் சின்னது. அன்றைக்கே அவள் காதுக்கு வந்துவிட்டது.

போதகருக்குப் போன் போட்டாள். கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தவளை அவர் பேசவிடவில்லை. "எல்லாரும் வந்தாச்சும்மா. தண்ணி வடியற வரைக்கும் இருக்கோம். ஒருத்தரும் வீட்டுக்குப் போறதா இல்ல."

போனை வைத்தபோது முற்றத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. கெதின்! கோட்டும் டையும், கீழே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும். டிராக்டரின் முன்னால் மண் அள்ளுகிற பக்கெட்டில் அவன் வீட்டு சோபா மெத்தை கிடந்தது. அதன்மேல் கம்பளி விரித்திருந்தான்.

"நேத்து வரைக்கும் சாணி அள்ளினதுதான் அக்கா. காலையிலிருந்து தேய்க்கிறேன். வேணும்னா மோந்து பாருங்க."

"உன்னை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. என் கிடாவையும்தான் யாரும் கூப்பிடல. எங்க குடும்ப வழக்கம் அது."

டெஸ்னி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மெரெரிட் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்த் தொப்பியை எடுத்து வந்தாள்.

தாயும் மகளும் பக்கெட்டுக்குள் உட்கார்ந்தார்கள். அவன் அதை மெல்ல உயர்த்தினான். "அக்கா, எனக்கு உங்க தொப்பியத் தவிர ஒண்ணும் தெரியல. நீங்கதான் வழி சொல்லணும்!"

பாதை எது, பள்ளம் எது என்று தெரியாத பழுப்புத் தண்ணீர். இரு பக்கமும் புதர்வேலியின் தலைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து மெரெரிட் கையை ஆட்டினாள். இடது. இன்னும் இடது. மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று சக்கரத்தில் மோதி, வண்டி சாய்ந்தது. மகள் அவள் தோளைக் கவ்விப் பிடித்தாள். மெரெரிட் உள்ளங்கையை விரித்து உயர்த்தியதும் கெதின் நிறுத்தினான். கட்டை உருண்டு போகும்வரை அசையவில்லை. வாய் மூடாத அந்த மனுஷன் வழி முழுக்க அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் கை அசைந்தபடி எல்லாம் வண்டி அசைந்தது. அவள் பண்ணைச் சுவரில் கல் சரிந்தால் சொல்லாமல் வந்து அடுக்கிவிட்டுப் போகிறவனும் இவன்தான் என்பது அப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அக்கரையில் ஊரே குடை பிடித்து நின்றது. மாப்பிள்ளை இனிர் கல்யாண உடுப்போடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தான். ஆலயத்தில் கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். பக்கத்து நகரத்திலிருந்து வர வேண்டிய விருந்தும் கேக்கும் வழியிலேயே நின்றுவிட்டன. அதனால் என்ன? பக்க அறை மேசையில் பழ ரொட்டியும் வெண்ணெயும், வெங்காயத்தண்டு போட்ட ஆட்டுக்கறிச் சூப்பும் ஆவி பறக்க நிறைந்திருந்தன. வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மெரெரிட் அந்த மேசையை ஒருமுறை பார்த்தாள்.

கெதின் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உள்ள வாய்யா. முன் வரிசையில உக்காரு."

"பூட்ஸெல்லாம் சேறு அக்கா."

"கழட்டிட்டு வா."

கழட்டினான். காலுறைக் கிழிசலில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ, "கெதின், மாப்பிள்ளையை விட நீதான்டா எடுப்பா இருக்க!" என்றதும் ஆலயம் குலுங்கிச் சிரித்தது.

பிறகு பாட்டு எழுந்தது. கரண்ட் இல்லாததால் ஆர்கன் இல்லை. புத்தகத்தையும் யாரும் தொடவில்லை. நான்கு குரலாகப் பிரிந்து, தச்சர், தபால்காரி, ஆட்டுக்காரர் எல்லாரும் அவரவர் இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். கெதினின் அடிக்குரல் அவள் பக்கத்திலேயே தரையிலிருந்து வருவதுபோல் எழும்பியது. மெரெரிட் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். மூன்றாம் சரணத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள்.