சாவடி தாண்டிய உளுந்து

அந்த நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே எவனாவது ஓர் அதிகாரியின் மனம் புண்படும், அந்தப் புண்ணுக்கு மருந்து போடவும் ஒரு ரேட் வைத்திருப்பான். இங்கே சிங்கப்பூரிலிருந்து காலையில் விமானம் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்விடலாம். நல்ல மண். உளுந்து அங்கே விளைவதுபோல் வேறெங்கும் விளைந்து நான் பார்த்ததில்லை. அரசாங்கம் என்று ஒன்றுதான் விளையவில்லை.

நான் கமலம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் பருப்பு மொத்த வியாபாரம். தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள தோசைக் கடைகளில் பாதி என் உளுந்தைத்தான் அரைக்கின்றன. கணவர் போன பிறகு தனியாகவே நடத்திக்கொண்டிருந்தேன். என் தம்பி ஸ்ரீநாத் அரசாங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனதும், புக்கிட் பாஞ்சாங் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கூட்டாளியாக வந்து சேர்ந்தான். இருவருமாய் அந்த நாட்டிலேயே ஓர் உளுந்து ஆலை போட்டோம். அங்கேயே தோல் நீக்கி, உடைத்து, மூட்டை கட்டிக் கப்பலேற்றினால் இடைத்தரகன் தேவையில்லை என்று தம்பி படம் போட்டுக் காட்டினான். துப்பாக்கி வைத்திருப்பவன் அந்தப் படத்தில் இல்லை.

ஆலையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே சாலை. அதில் சாவடிக்கு மேல் சாவடி. ஒன்று ராணுவத்துடையது. அடுத்தது ராணுவத்தோடு சண்டை போடுகிறவர்களுடையது. அதற்கடுத்தது யாருடையது என்று அங்கே நிற்பவனுக்கே தெரியாது. வருடக்கணக்காகச் சுட்டுக்கொள்ளும் இந்தக் கூட்டங்கள் ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி: லாரி வந்தால் சாலையின் குறுக்கே கயிற்றைக் கட்டிக் கையை நீட்டுவார்கள். லஞ்சத்தைக் கோப்பிக் காசு என்று இங்கே சொல்வோமே, அதுதான். அவர்கள் குடித்த கோப்பிக்கு நான் ஒரு தோட்டமே வாங்கியிருக்கலாம்.

ஆலையைப் பார்த்துக்கொண்டவர் முகம்மது யூசுப். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சாவடிகளையும் அவர்தான் சமாளித்தார். காசு கொடுக்கும்போதே சிப்பாயின் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தும் கொடுப்பார். “அவனுக்கும் சம்பளம் வந்து பல மாசம் ஆச்சு அக்கா” என்பார். எனக்குப் பரிதாபமே வராது. சம்பளம் கொடுக்காதவன் சட்டையைப் பிடிக்கத் துப்பில்லாதவன், என் லாரியைப் பிடிப்பானாம். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உளுந்து வந்தது.

ஸ்ரீநாத்தால் இருக்க முடியவில்லை. அவன் இந்த ஊர்க்காரன். லிஃப்டில் மூத்திர நாற்றம் அடித்தால் புகார், மேல் வீட்டில் துணி சொட்டினால் புகார், பேருந்து தாமதமானால் புகார். எழுதினால் இங்கே ஆள் வருகிறார், மன்னிப்புக் கேட்கிறார், சரிசெய்துவிட்டுப் போகிறார். அறுபது வயது வரை அதையே பார்த்து வளர்ந்தவனுக்கு, உலகம் முழுக்கப் புகாரை ஒரு நல்லவர் உட்கார்ந்து படிக்கிறார் என்று நினைப்பு.

ஒருநாள் கடைக்குச் சிரித்துக்கொண்டே வந்தான்.

“அக்கா, சாவடிங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ணிட்டேன். காசு கைமாறற ஃபோட்டோ எல்லாம் அட்டாச் பண்ணியாச்சு.”

“யாருகிட்டடா?”

“அங்க லஞ்ச ஒழிப்புக்குப் புதுசா டிபார்ட்மென்ட் திறந்திருக்காங்க லா. ஆன்லைன்லயே பண்ணலாம். உடனே ரிப்ளை வந்துருச்சு, ரொம்ப டீசன்டா.”

“ஃபோட்டோ ஏது?”

“பாய்கிட்ட ரெக்கார்டுக்குன்னு கேட்டு வாங்கினேன்.”

“அவர் பேரைப் போட்டியா?”

“விட்னெஸ் பேர் இல்லாம எப்படி இன்வெஸ்டிகேட் பண்ணுவாங்க? பேர், அட்ரஸ் எல்லாம் குடுத்திருக்கேன்.”

சீ என்று சொல்லத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். பெரிய படிப்பு, பெரிய உத்தியோகம், மூளையை மட்டும் பென்ஷனோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்த வாரமே யூசுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றம், லஞ்சம் கொடுத்தது. ஆதாரம், என் தம்பி அனுப்பிய படங்கள். வாங்கியவன் ஒருவனையும் கண்டுபிடிக்க முடியவில்லையாம், கொடுத்தவர் மட்டும் சுலபமாகக் கிடைத்துவிட்டார். அவர் மனைவி போனில் அழுதாள். யூசுப் சர்க்கரை நோயாளி. “இன்சுலினை உள்ள விட மாட்டேங்கறாங்க அக்கா. நேத்து பார்த்தப்ப என்னையே அடையாளம் தெரியல அவருக்கு.” ஸ்ரீநாத் அதே இலாகாவுக்கு நினைவூட்டல் கடிதம் அடித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிப் போட்டேன்.

பிறகுதான் அழைப்பு வந்தது. அந்த வட்டாரத்தைக் கையில் வைத்திருக்கும் கர்னல் இப்போது சிங்கப்பூரில்தான் இருக்கிறாராம், எங்களைப் பார்க்க விரும்புகிறாராம். இதயப் பரிசோதனைக்கு வந்தவனாம். டோபி காட் பக்கம் மனைவி பெயரில் கொண்டோ வீடு, பிள்ளைகளுக்கு இங்கேதான் பள்ளிக்கூடம். அவன் ஊரில் ஒரு மருத்துவமனையில் மின்சாரம் இருக்காது, ஒரு பள்ளிக்கூடத்தில் கூரை இருக்காது. அதனால் அய்யாவுக்கு இந்த ஊர்.

தோசை பிடிக்கும் என்றதால் எங்கள் தெருமுனைச் சைவ உணவகத்தில் காத்திருந்தோம். கண்ணாடி வழியாக அவன் வருவது தெரிந்தது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, நின்றான். விளக்கில் பச்சை மனிதன் வரும்வரை பள்ளிக்கூடப் பிள்ளைபோல் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் இந்த ஊரைப் புகழ ஆரம்பித்தான். என்ன சுத்தம், என்ன ஒழுங்கு, ராத்திரி டியூஷன் முடிந்து மகள் தனியாக எம்.ஆர்.டி.யில் வருகிறாள். தன் மக்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு வரவில்லை என்று வருத்தப்பட்டான். தோசையை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டே வருத்தப்பட்டான். பிறகு விஷயத்துக்கு வந்தான். ஆலை இருக்கும் இடம் பாதுகாப்பானது இல்லை. வெளியூர்க்காரர்கள் கஷ்டப்பட வேண்டாம். அவன் மைத்துனன் நடத்தும் கம்பெனி அதை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்துக்கொண்டால், யூசுப்பின் வழக்கு ஒரு தவறான புரிதல் என்று முடிந்துபோகும்.

“சார், திஸ் இஸ் நாட் ரைட்” என்று ஸ்ரீநாத் ஆரம்பித்தான். மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன்.

“முதல்ல எங்க ஆள் வெளியில வரணும்” என்றேன். கர்னல் கைப்பேசியில் இரண்டு வார்த்தை பேசினான். சட்னியைக் கேட்டு வாங்கித் தோசையை முடித்தான். கை துடைத்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. யூசுப்பின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல். “வெளிய வந்துட்டேன் அக்கா. ஊசி போட்டாச்சு.”

ஆலையை எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். என் கணவரின் இன்சூரன்ஸ், நான் சேர்த்தது, தம்பியின் சேமிப்பு எல்லாம் அந்த ஆலையில்தான் இருந்தது. கர்னல் எழுந்து, கைகுலுக்கி, சாப்பாட்டுக்கு நன்றி சொன்னான். பில்லும் நாங்கள்தான் கொடுத்தோம்.

தீபாவளி நெருங்கியபோது பூன் லே பகுதியிலிருக்கும் எங்கள் கிடங்கில் உளுந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மற்ற வியாபாரிகளின் சரக்கெல்லாம் அந்தச் சாலையின் சாவடிகளில் மாட்டிக்கிடந்தது. வாசலில் தோசைக் கடைக்காரர்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் யூசுப் கூப்பிட்டார்.

“நல்லாருக்கீங்களா அக்கா? நான் ஆலையிலதான் இருக்கேன். என்னையே மேனேஜரா வெச்சுக்கிட்டாங்க. மாட்டேன்னு சொல்ற நெலமையில நான் இல்ல.”

“உடம்பு எப்படி பாய்?”

“கால்ல ஒரு வெரலை எடுத்துட்டாங்க. மத்தபடி பரவால்ல.”

“லாரியெல்லாம்?” என்றேன்.

“இப்ப எங்கயும் நிக்கிறதில்ல. எங்க லாரின்னு தெரிஞ்சா கயித்தை முன்கூட்டியே அவுத்துடறாங்க. எதிர்ப்பக்கத்துக்காரனும்தான்.” பிறகு கேட்டார்: “தீபாவளிக்கு எத்தனை கன்டெய்னர் அனுப்பட்டும்?”

பக்கத்தில் நின்ற ஸ்ரீநாத்துக்கு எல்லாம் கேட்டுவிட்டது. “வாங்காதீங்க அக்கா” என்றான் மெதுவாக. “அவன்கிட்டயா?”

அவனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. இந்த விஷயத்தில் முதல்முறையாகச் சரியான வார்த்தை பேசியிருக்கிறான். இத்தனை நாள் சாவடிக்காரர்களை நினைத்தாலே காறித் துப்பியவள் நான். வாசலில் ஒரு கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு போடுங்க பாய்” என்றேன். “தோல் சுத்தமா போயிருக்கணும்.”