நாமக்கோழியும் காலை வெயிலும்

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரம் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் அடுத்தவர் எலும்பைப் படம் பிடித்துவிட்டு, ஞாயிறு காலையில் கேமராவோடு ஏரிக்குப் போய்விடுவாள், நீர்ப்பறவைகளைப் பிடிக்க. துணைக்கு யாரையும் சேர்ப்பதில்லை.

அந்த வாரம் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்காவையும் கூட்டிட்டுப் போயேன். மாமா போனதுலேர்ந்து ரூமை விட்டே வரலை."

நாத்தனார் ஒரு காலத்தில் வாய் ஓயாதவள். இப்போது சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்க்கிறாள். வரமாட்டாள் என்று நினைத்துக் கேட்டால், "குடை எடுத்துக்கட்டுமா?" என்று எழுந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் வெயில் அப்போதே கண்ணைக் குத்தியது. தண்ணீர் தகரம் போலப் பளபளத்தது. நடுவில் ஒரு நாமக்கோழி குஞ்சுகளோடு மிதந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை. நாத்தனார் குடையை விரித்து லென்ஸுக்கு நிழல் பிடித்தாள். எடுத்த படங்களைத் தலை முட்டப் பார்த்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் நெற்றி வெளிறிப்போனது. குறைத்தால் உடம்பு கரிக்கட்டி.

"கோழி தெரிஞ்சா நாமம் காணோம், நாமம் தெரிஞ்சா கோழி காணோம். உனக்கே நாமம் போட்டுருச்சு போ!" என்றாள் நாத்தனார். அவள் இவ்வளவு பேசி மாதக்கணக்காகிறது.

"வெயில் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும் அண்ணி. அந்தக் கரைக்குப் போயிடலாம்."

அந்தக் கரையில் காய்ந்தாற்போல் இருந்த மண் ஏமாற்றிவிட்டது. நாத்தனாரின் கால் முழங்கால் வரை உள்ளே போனது. இழுத்த இழுப்பில் செருப்பு மண்ணோடு நின்றுவிட, அவள் தொப்பென்று உட்கார்ந்தாள். பறவைகள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடின. எக்ஸ்ரேக்காரிக்கு உயிரே போய்விட்டது. கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

நாத்தனாரின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று குனிந்து பார்த்தால், சிரிப்பு.

"உங்க மாமா இருந்திருந்தா கை குடுத்திருப்பாருன்னா நினைக்கிற? முதல்ல போன்ல படம் எடுத்து, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டுத்தான் தூக்குவாரு."

சொல்லி முடிக்கும்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். எக்ஸ்ரேக்காரி சேற்றிலேயே பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் அசையாமல் இருந்ததாலோ என்னவோ, நாமக்கோழி குஞ்சுகளோடு திரும்பி வந்தது. மெல்லிய மேகம் ஒன்று வெயிலை மூடியது.

"கையை விட்டுட்டு எடுடி," என்று மூக்கை உறிஞ்சியபடி கிசுகிசுத்தாள் நாத்தனார்.

எக்ஸ்ரேக்காரி சேற்றில் குப்புறப் படுத்து, தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்தாள். கறுப்பு இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன, நெற்றியின் வெள்ளையும் கெடவில்லை. செந்தலைக் குஞ்சு ஒன்று தாயின் அலகிலிருந்து பாசி வாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த தம்பி வாயைப் பிளந்தான். "என்னக்கா இது கோலம்!"

"பேசாம போய் டீயைப் போடு," என்று ஒற்றைச் செருப்போடு உள்ளே போனாள் அக்கா.

மதியம் அவளாகவே மகளுக்குப் போன் செய்தாள். அப்புறம் தங்கைக்கு, அப்புறம் ஒரு சிநேகிதிக்கு. மகளிடம் முழங்கால் வரை இருந்த சேறு தங்கையிடம் இடுப்புக்கு ஏறி, சிநேகிதியிடம் கழுத்தைத் தொட்டது.

சமையலறையில் காது கொடுத்துக்கொண்டிருந்த தம்பி, தன் மனைவியிடம் மெல்லச் சொன்னான்: "இன்னும் ஒரு போன் பேசினா அக்கா முழுகிடுவா."