இன்னாசி சொல்லாத ஆமென்

மகனின் முதல் பூசைக்கு அப்பன் வருவானா மாட்டானா என்று ஊர் பேசும்படியான நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது. இன்னாசி குடும்பத்துக்கு வந்தது. எருமப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்கிலிருந்து சாமியாராகப் போன முதல் ஆள் அவர் மகன் ஜெரோம்தான். பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில் வரை ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் இன்னாசியும் இருந்தார், வாக்காளர் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகத்தோடு. ஆனால் அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் அந்தக் கோயிலுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் இருபது வருடம் ஆகிறது.

காரணம் புதுப் பூசை. சாமியார் பீடத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு சனங்களைப் பார்த்துப் பேசுவதும், மைக்கும், கீபோர்டும், நன்மை அப்பத்தைக் கையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்வதும் அவருக்கு ஆகாது. கோயிலுக்குப் போவது ஆண்டவரைப் பார்க்கவா சாமியாரைப் பார்க்கவா என்று கேட்பார். பங்குச் சாமியார்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்துச் சொல்லிவிட்டு மாறுதலாகிப் போனார்கள். இன்னாசி மாறவில்லை.

அவர் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். சிறு வயதில் லத்தீன் பூசைக்குப் பீடத்தில் உதவி செய்தபோது, உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதே பூசைதான், இதே வார்த்தைதான் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் ஸ்டியரிங் பிடிப்பதற்குள் அது போய்விட்டது. கட்டாக்கில் ஒடியா, நாக்பூரில் மராத்தி. லோடு இறக்கிவிட்டுக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலைத் தேடிப் போய், கடைசி வரிசையில் ஒன்றும் புரியாமல் நிற்பார். சொந்த வீட்டுக்கே வழி கேட்டுப் போன மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொல்வார்.

பிறகு சேலத்தில் மத்தியாஸ் சாமி கிடைத்தார். ஓய்வு பெற்ற கிழவர். ஆயரிடம் அனுமதி வாங்கி, ஒரு கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தில் மாதம் ஒரு முறை பழைய லத்தீன் பூசை வைத்தார். இன்னாசி மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அதற்கப்புறம் ஊர்க்கோயில் பக்கம் திரும்பவில்லை. சில வருடங்களுக்கு முன் ரோமாபுரியிலிருந்து பழைய பூசைக்குக் கட்டுப்பாடு வந்தபோது அந்த அனுமதி நின்றது. அடுத்த மழைக்காலத்தில் மத்தியாஸ் சாமியும் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து இன்னாசிக்குப் பூசையே கிடையாது. ஞாயிறு காலையில் பழைய செபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண் எழுத்தின் மேல் இருக்கும், மனசில் ஒன்றும் ஓடாது. மரத்துப்போய்க் கிடந்தது. பூசையைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருந்தது.

ஜெரோம் பழைய பூசைக்காரர்களோடு சேராமல் மறைமாவட்டக் குருமடத்தில் சேர்ந்தான். இன்னாசி தடுக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. குருப்பட்டம் கொடுத்த அன்று வெளியே வேன்களை நிறுத்த இடம் காட்டிக்கொண்டு நின்றார். டிரைவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை, அதனால்தான் அவரால் உள்ளே வர முடியவில்லை என்று அவர் மனைவி சலேத்மேரி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்டவர்களும் நம்பியது போல் தலையாட்டினார்கள்.

முதல் பூசை சொந்த ஊர்க்கோயிலில். புதுச் சாமியார் தாய் தகப்பனுக்கு முதலில் நன்மை கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார், அது வழக்கம். தகப்பன் வராவிட்டால் அந்த இடம் ஊர் பார்க்கக் காலியாக நிற்கும். ஜெரோம் நேரில் வந்து கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தான்.

சலேத்மேரி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசினாள். "ஏனுங்க, சண்டையெல்லாம் நாளைக்கு வெச்சுக்குங்க. இன்னைக்கு வந்து முழங்கால் போட்டு, நாக்க நீட்டியே வாங்கிக்குங்க. அப்படியே குடுக்கறேன்னு அவனும் சொல்லிட்டான்."

இன்னாசி சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். கீபோர்டு முழங்கியது. வருகைப் பாடலுக்குக் கை தட்டினார்கள். இன்னாசி கோபத்துக்காகக் காத்திருந்தார். கை தட்டும் சத்தம் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவைத்தாற்போல் வருகிற கோபம் அது. வரவில்லை. எல்லோரும் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார்.

எழுந்தேற்ற நேரத்தில் ஜெரோம் அப்பத்தை உயர்த்தினான். பழைய பூசையில் அந்த நேரத்தில் சாமியாரின் முதுகுதான் தெரியும். முகத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இங்கே மகனின் முகம் நேர் எதிரே இருந்தது. உதட்டுக்கு மேல் வியர்த்திருந்தது. கண் அப்பத்தின் மேல் இல்லை, தகப்பன் மேல் இருந்தது. இன்னாசி தலையைக் குனிந்துகொண்டார்.

நன்மை கொடுக்க இறங்கி வந்தான். சலேத்மேரி கையில் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். இன்னாசி பெஞ்சைப் பிடித்து மெல்ல முழங்கால் போட்டு, கண்ணை மூடி நாக்கை நீட்டினார்.

"கிறிஸ்துவின் உடல்," என்றான் ஜெரோம்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். இன்னாசியும் காத்திருந்தார். பழைய பூசையில் நன்மை வாங்குகிறவர் பேச வேண்டியதில்லை. சாமியாரே லத்தீனில் நீளமாகச் செபித்து, ஆமென்னையும் தாமே சொல்லி நாக்கில் வைப்பார். புதுப் பூசையில் வாங்குகிறவர்தான் ஆமென் சொல்ல வேண்டும். ஆம், இது ஆண்டவர்தான் என்று ஒத்துக்கொள்கிற ஆமென் அது. இன்னாசிக்கு இதெல்லாம் தெரியாதது இல்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"கிறிஸ்துவின் உடல்," என்றான் மறுபடியும், இன்னும் மெதுவாக. பின்னால் வரிசை அப்படியே நின்றது. கீபோர்டுக்காரர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஜெரோமே ஆமென் என்று சொல்லி நாக்கில் வைத்தான்.

தகப்பனுக்கு நெஞ்சு அடைத்துப் பேச்சு வரவில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது. கோயில் உபதேசியார் துண்டால் கண்ணைத் துடைத்தார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. அழ வேண்டியவருக்குத்தான் அழுகை வரவில்லை. அப்பம் கரைந்தது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. இடத்துக்குத் திரும்பி முழங்காலில் இருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. மத்தியாஸ் சாமியின் கடைசிக் காலப் பூசைகளிலும் இப்படித்தான் இருந்தது. அதே லத்தீன், அதே தூபம், அப்போதும் உள்ளே இதே வெறுமைதான். பூசையைப் பிடுங்கியதால் அவர் மரத்துப்போகவில்லை. அவர் முன்பே மரத்துப்போயிருந்தார். இத்தனை நாளும் ரோமாபுரி மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பூசை முடிந்து, புதுச் சாமியாரின் கைக்கு முத்தம் கொடுக்க வந்த கூட்டமெல்லாம் பந்திக்குப் போன பிறகு, ஜெரோம் கோயிலுக்குப் பின்னால் அவரைத் தேடிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்கப்பா, எனக்காக ஒரு ஆமென் சொல்லக் கூடாதுங்களா?"

இன்னாசி பழைய முறையைச் சொல்ல வாயெடுத்தார். அவனுக்குத் தெரியாத முறையா அது. அவன் கேட்க வந்ததும் அதையல்ல.

"சண்டைக்கு வரலீங்கப்பா. அப்பத்தத் தூக்கிப் புடிச்சப்ப எனக்கு உள்ள ஒண்ணுமே இல்லீங்க. பயந்து போய்ட்டேன். உங்களப் பாத்தேன். உங்களாட்ட நம்பற ஆள நான் பாத்ததே இல்ல. நீங்க ஆமென்னு சொல்லிட்டா நெசந்தான்னு இருந்தேன். நீங்க சொல்லல."

எனக்கும் அப்படித்தான் சாமி என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பிடித்துக்கொள்ள அவனுக்கு இருந்த ஒரே ஆளும் இல்லையென்று ஆகிவிடும். பழைய முறைப்படி வாயை மூடியிருந்தேன் என்றால், பெற்ற தகப்பனே என் பூசையை ஏற்கவில்லை என்று காலமெல்லாம் சுமப்பான். இவை இரண்டும் இல்லாத ஒன்றை ஊர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தது. இன்னாசி அதை எடுத்துக்கொண்டார்.

"வாய் வரல சாமி," என்றார். "நெஞ்சு நெறஞ்சு போச்சு. மத்தியாஸ் சாமி பூசையிலகூட எனக்கு இப்படி இருந்ததில்ல."

ஜெரோம் அவரையே பார்த்தான். "நெசமாலுமாங்கப்பா?"

"நெசமாத்தான்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம இந்தக் கோயில் பூசைக்கு வருவீங்களா?"

"வாரேன்."

அவன் முகம் தெளிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்கப்பா சாப்பிடலாம் என்று முன்னால் நடந்தான்.

பொய் பாவம். அதிலும் பூசையை வைத்துச் சொன்ன பொய். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இன்னாசி நன்மை வாங்க மாட்டார். அந்த முறையை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. எந்தச் சாமியாரிடம் போய்ச் சொன்னாலும், முதலில் மகனிடம் உண்மையைச் சொல் என்றுதான் சொல்வார். அதை அவர் செய்யப்போவதில்லை. அப்படியென்றால் இன்றைக்கு வாங்கியதுதான் கடைசி நன்மை. இனி ஞாயிறுதோறும் வருவார், எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே இருப்பார். எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. வலிக்கத்தான் இல்லை.

பந்தியில் ஜெரோம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாதவன், இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கினான். இன்னாசி தன் இலையில் இருந்த கறியை அவன் இலைக்குத் தள்ளிவிட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.