ஒரு முகம் மட்டும்

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. புது எந்திரம் வரப்போகிறது, அதற்கான பாடங்களை வீட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போனின் சின்னத் திரையில் படித்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். கணவர் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. வேலையைத் தவிர வேறெதற்கும் வெளியே கிளம்பாதவளை நாத்தனார்தான் வம்படியாக டேப்லெட் கடைக்கு இழுத்து வந்தாள்.

கடை முழுக்க வெள்ளை வெளிச்சம். நீள மேசைகளில் டேப்லெட்டுகள் சாய்ந்து நின்றன. விற்பனைப் பெண் வாய் ஓயாமல் பேசினாள். நாத்தனார் விடாமல் கேள்வி கேட்டாள். ஒருவழியாக நடுத்தர அளவில் ஒன்றை வாங்கி முடித்தார்கள்.

"உங்க முகத்தைப் பதிஞ்சுட்டா போதும் மேடம். அப்புறம் நீங்க பாத்தாலே திறந்துக்கும். இந்த வட்டத்துக்குள்ள முகம் வர்ற மாதிரி பிடிங்க."

பிடித்தாள். ‘ஒரு முகம் மட்டும் தெரியும்படி வைக்கவும்’ என்று எழுத்து வந்தது.

விற்பனைப் பெண் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. "வாசல் கண்ணாடியில யாரோ தெரியுறாங்க போல," என்று அவளை வெறும் சுவரை ஒட்டி உட்காரவைத்தாள். அங்கேயும் அதே எழுத்து. உள்ளே போய் வேறொரு பெட்டியைப் பிரித்துக் கொண்டுவந்தாள். அதிலும் அதே எழுத்து.

"இன்னைக்கு என்னமோ எல்லாமே படுத்துது மேடம்."

டேப்லெட்டைப் பிடித்திருந்தவளுக்கு இடப்பக்கக் கழுத்து சில்லிட்டது. பேப்பரோ போனோ, அவள் எதைப் படித்தாலும் இடது தோளுக்கு மேல் முகத்தை நீட்டிக் கூடவே படிப்பது கணவரின் பழக்கம். மூச்சு மேல படுது, தள்ளிப் போங்க என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பாள்! ஒரு தடவைகூட மனிதர் அசைந்ததில்லை.

திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. நோயாளிகளிடம் பேசும் தாழ்ந்த குரலில், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று விற்பனைப் பெண் ஓரடி பின்வாங்கினாள். திரையில் வட்டம் பச்சையாகி, முகம் பதிந்துவிட்டது.

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன்கிட்டயா சொன்னீங்க?"

அவள் தலையசைத்தாள்.

"எனக்கும் பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரிதான் இருந்துச்சு. ஏன் அண்ணி போகச் சொன்னீங்க?"

"போகச் சொல்லலடி. தள்ளித்தான் நிக்கச் சொன்னேன்."

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. இந்த ஐந்து மாதமும் சமையலறையில் நின்றால் கூடத்தில் யாரோ இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். பயந்துகொண்டு யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. கூடம் வெறும் கூடமாக இருந்தது. டேப்லெட்டில் பாடத்தைத் திறந்து, இடப்பக்கம் சற்று இடம் விட்டு உட்கார்ந்து பார்த்தாள். கழுத்தில் மின்விசிறிக் காற்றுதான் பட்டது.

மறு வாரம் அதை நாத்தனாரிடம் சொன்னாள்; இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள். முகம் சரியாகப் பதியவில்லை என்று நாத்தனார் பொய் சொன்னாள். பழைய பதிவை அழித்துவிட்டு, விற்பனைப் பெண் அவளை அதே சுவரை ஒட்டி உட்காரவைத்தாள். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே வட்டம் பச்சையானது.

"பாத்தீங்களா மேடம்? ஒரு பிரச்சினையும் இல்ல," என்று விற்பனைப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள்.

நாத்தனார் விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை.

"இதையும் அழிச்சுடும்மா," என்றாள். "இன்னொரு தடவை பாக்கலாம்."